ஐவகைப் பெயர்ப் பாகுபாடும் அதன் போதாமையும்: ஆங்கிலப் பெயர்ச்சொல் வகையறிதல் குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலப் பெயர்ச்சொற்களைச் சிறப்புப்பெயர், பொதுப்பெயர், கூட்டப்பெயர், பருப்பொருட்பெயர், நுண்பொருட்பெயர் என ஐந்தாகப் பகுக்கும் முறை இந்திய வகுப்பறைகளில் நூறாண்டுக்கும் மேலாக நிலைபெற்றுள்ளது. இப்பாகுபாடு ஒரே அடிப்படையில் அமைந்ததன்று என்பதையும், ஆங்கிலத் தொடரமைப்புக்குத் தேவையான செய்தியை அது தருவதில்லை என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. இவ்வகைப்பெயர்களைத் தமிழாக்கும்போது தமிழ் மரபிலக்கணக் கலைச்சொற்களோடு நேரும் மயக்கமும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஆங்கில இலக்கணம், பெயர்ச்சொல் வகைப்பாடு, எண்ணத்தகு பெயர், நுண்பொருட்பெயர், பால்பகா அஃறிணை, இலக்கணம் கற்பித்தல்

முன்னுரை

அடிக்கோடிட்ட பெயர்ச்சொல் எவ்வகையைச் சார்ந்தது எனக் கேட்பது ஆங்கில இலக்கண வினாத்தாள்களில் மிகப் பழகிய வினா. 'ஹானஸ்டி' நுண்பொருட்பெயர், 'கோல்டு' பருப்பொருட்பெயர், 'ஆர்மி' கூட்டப்பெயர் என மாணவர் விடையெழுதுவர். இவ்வினாவில் முழு மதிப்பெண் பெற்ற மாணவரே அடுத்த பக்கத்தில் எழுதும் கட்டுரையில் 'ஆன் அட்வைஸ்', 'மெனி இன்ஃபர்மேஷன்ஸ்', 'நியூ ஃபர்னிச்சர்ஸ்' என்று எழுதுவதை ஆங்கிலம் கற்பிப்போர் அனைவரும் அறிவர். இதனை மாணவரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் 'அட்வைஸ்' நுண்பொருட்பெயர் என்று அவர் எழுதிய விடை சரியானது. அந்த விடை அவருக்கு எந்த வகையிலும் உதவவில்லை என்பதே கருதத்தக்கது. வகையறிதல் என்னும் பயிற்சி எதற்காக நடைபெறுகிறது என்ற வினா இங்கிருந்து எழுகிறது.

பாகுபாட்டின் வரலாறு

ஐந்து வகைகளும் ஒரே காலத்தில், ஒரே துறையிலிருந்து வந்தவை அல்ல. சிறப்புப்பெயர், பொதுப்பெயர் என்னும் இருமை மிகப் பழையது. கிரேக்க ஸ்டோயிக் மெய்யியலார் இவ்விரண்டையும் தனித்தனிச் சொல்வகைகளாகவே கொண்டனர். டயோனிசியஸ் திராக்ஸின் பெயரால் வழங்கும் கிரேக்க இலக்கணம் இரண்டையும் பெயர் என்னும் ஒரே சொல்வகைக்குள் அடக்கி, அதன்கீழ்ப் பல உட்பிரிவுகளை வகுத்தது. கூட்டத்தைக் குறிக்கும் பெயரும் அவ்வுட்பிரிவுகளுள் ஒன்று. இலத்தீன் இலக்கணிகளின் வழியாக இவ்விருமை ஆங்கிலத்துக்கு வந்தது. 1795இல் வெளிவந்து நெடுங்காலம் பாடநூலாக விளங்கிய லிண்ட்லி மர்ரேயின் ஆங்கில இலக்கணம் பெயர்களைச் சிறப்பு, பொது என இரண்டாகவே பகுக்கிறது.

நுண்பொருட்பெயர் என்னும் கருத்தின் தாயகம் வேறு. வெண்மையை உடையது, வெண்மை என்னும் பண்பு ஆகிய இரண்டையும் பிரித்தறிய இடைக்கால ஐரோப்பியத் தருக்கவியலார் கையாண்ட வேறுபாடு அது. 1843இல் வெளியான ஜான் ஸ்டூவர்ட் மில்லின் தருக்கநூல் பெயர்களைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. ஒரு பண்பைக் குறிக்கும் பெயருக்கு மட்டுமே இக்கலைச்சொல் உரியது என்றும், அதனைப் பொதுப்பெயர் அனைத்துக்கும் நீட்டி வழங்குவது கேடு என்றும் மில் கருதினார். ஆக, தருக்கவியலாரிடையேயே இச்சொல் அப்போது உறுதியான பொருளில் நின்றிருக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய மாணவர்களுக்கென நெஸ்ஃபீல்டு எழுதிய இலக்கண நூல்வரிசையில் ஐவகைப் பாகுபாடு தெளிவாக இடம்பெற்றது. நம் வகுப்பறைகளில் அது வேரூன்ற அந்நூல்களின் பரவலான வழக்கு ஒரு காரணம். பின்வந்த ரென், மார்ட்டின் இருவரின் இலக்கணம் கூட்டப்பெயரையும் நுண்பொருட்பெயரையும் பொதுப்பெயருள் அடங்குவனவாகக் குறித்ததோடு, எண்ணத்தகு பெயர், எண்ணலாகாப் பெயர் என்னும் வேறுபாட்டையும் பேசுகிறது. அக்குறிப்பைப் படித்தவர் ஐந்து வகைகளையும் ஒரே வரிசையில் நிறுத்த இயலாது. எனினும் அந்நூலைப் பின்பற்றுவதாகச் சொல்லும் கையேடுகள் பல ஐந்தையும் சமநிலையில் எண்ணிட்டு அடுக்குகின்றன. மூலத்தைவிடச் சுருக்கம் செல்வாக்குப் பெறுவது நம் கல்விமுறையில் புதிதன்று.

அடிப்படை மாறிய பகுப்பு

ஒரு பகுப்பு ஒரே அடிப்படையில் நிகழ வேண்டும் என்பது தருக்கத்தின் தொடக்கப் பாடம். ஐவகைப் பாகுபாட்டில் சிறப்பும் பொதுவும் ஒரு பெயர் ஒன்றனைச் சுட்டுகிறதா, ஓர் இனத்தைச் சுட்டுகிறதா என்னும் அடிப்படையில் அமைந்தன. பருப்பொருளும் நுண்பொருளும் சுட்டப்படுவது புலன்களுக்கு எட்டுவதா என்னும் அடிப்படையில் அமைந்தன. கூட்டப்பெயரோ ஒன்றா, பலவா என்னும் எண்ணின் அடிப்படையில் அமைந்தது. மூன்று அளவுகோல்களால் பெற்ற ஐந்து முடிவுகளை ஒரே பட்டியலில் வைத்தால் ஒன்றோடொன்று மோதுவது இயல்பே. 'கமிட்டி' கூட்டப்பெயரா பொதுப்பெயரா என்று மாணவர் கேட்டால் இரண்டும்தான் என்பதே நேர்மையான விடை. 'பார்லிமெண்ட்' என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கிக் குறிப்பிட்ட ஒரு நாட்டின் அவைக்கு வழங்கும்போது அது மூன்றாம் வகையிலும் சேர்கிறது. வினாத்தாளோ ஒரே விடையைத்தான் ஏற்கும்.

பொருளின் தன்மையைக் கொண்டு பெயரை வகைப்படுத்துவதில் இன்னோர் இடர்ப்பாடு உண்டு. பொருள் உலகுக்குப் பொது. இலக்கணம் மொழிக்கு உரியது. ஆங்கில 'ஃபர்னிச்சர்' பன்மை ஏற்காது; அதே பொருள்களைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் இயல்பாகப் பன்மையில் வழங்கும். ஆங்கில 'இன்ஃபர்மேஷன்' எண்ணலாகாது. பிரெஞ்சிலும் செருமானியத்திலும் அதன் இனச்சொற்கள் பன்மை ஏற்கும். நாற்காலிகளும் செய்திகளும் நாட்டுக்கு நாடு மாறிவிடவில்லை.

ஒரே மொழிக்குள்ளும் இது நிகழும் என்பதற்கு லியோனார்டு புளூம்ஃபீல்டு 1933இல் வெளியிட்ட தம் மொழியியல் நூலில் காட்டிய சான்று புகழ்பெற்றது. கோதுமையைக் குறிக்கும் 'வீட்' ஒருமை. ஓட்ஸ் தானியத்தைக் குறிக்கும் 'ஓட்ஸ்' பன்மை. இரண்டும் தானியங்களே. இலக்கண வகை பொருளைப் பின்பற்றுவதில்லை என்பதற்கு இதனைவிடச் சுருக்கமான சான்று இல்லை என நெடுங்காலம் கருதப்பட்டது. 1985இல் அன்னா வியர்ஸ்பிட்ஸ்கா இதனை மறுத்து எழுதினார். மணியின் அளவு, மக்கள் அத்தானியத்தைக் கையாளும் முறை, தனிமணிகள் கண்ணுக்குத் தெரியும் நிலை ஆகியவற்றால் இவ்வேறுபாட்டுக்குக் காரணம் காணலாம் என்பது அவர் வாதம். அவ்வாதத்தை முழுதும் ஏற்காதவர்களும் ஒன்றை ஒப்புவர்: அவர் காட்டும் காரணங்களும் பருப்பொருள், நுண்பொருள் என்னும் பள்ளிப் பிரிவோடு தொடர்புடையவை அல்ல. 'வீட்', 'ஓட்ஸ்' இரண்டுமே அங்குப் பருப்பொருட்பெயர்கள்தாம்.

பட்டாணியைக் குறிக்கும் சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. அச்சொல் முன்பு 'பீஸ்' என்றே வழங்கியது. 'வீட்' போன்று அது எண்ணலாகாப் பெயராகவும் நின்றது. அதன் இறுதி ஒலியைப் பன்மை விகுதி எனக் கருதிய மக்கள் அதனை நீக்கி 'பீ' என்னும் புதிய ஒருமையை உருவாக்கினர். 17ஆம் நூற்றாண்டில் நேர்ந்த மாற்றம் இது. தானியம் மாறவில்லை, வகை மாறியது.

நுண்பொருட்பெயர் என்னும் பொதி

ஐந்தனுள் மிகுந்த குழப்பம் விளைப்பது நுண்பொருட்பெயரே. 'ஐடியா', 'ரீசன்', 'பிராப்ளம்', 'டே' ஆகியவை கையால் தொடமுடியாதவற்றைக் குறிக்கின்றன. எனினும் 'சேர்', 'புக்' போலவே எண்ணத்தகுவன. 'அட்வைஸ்', 'நாலெட்ஜ்', 'புரோகிரஸ்' ஆகியவையும் தொடமுடியாதவற்றையே குறிக்கின்றன, இவை எண்ணலாகாதவை. நுண்பொருட்பெயர் பன்மை ஏற்காது என ஆசிரியர் விதி கூறின் முதற்குழு அவ்விதியை உடைக்கும். விதி கூறாவிடின் வகைப்பெயரால் பயனில்லை. 'நாலெட்ஜ்' நிலை இன்னும் நுட்பமானது. அது பன்மை ஏற்காது. ஆயினும் 'எ குட் நாலெட்ஜ் ஆஃப் லத்தீன்' எனும் தொடரில் 'எ' ஏற்கிறது. ஒருமை ஆர்ட்டிகிளை ஏற்பதும் பன்மை ஏற்பதும் வெவ்வேறு பண்புகள் என்பதை இவ்வொரு தொடரே காட்டிவிடும்.

1924இல் வெளிவந்த 'இலக்கணத்தின் மெய்யியல்' என்னும் நூலில் ஓட்டோ யெஸ்பர்சன் இப்பொதியைப் பிரித்துப் பார்த்தார். நுண்மை, பருமை என்னும் பேச்சை விடுத்து, ஒரு தொடரின் பயனிலையே பெயராகச் சுருங்கி நிற்பதை அவர் கவனித்தார். வினையிலிருந்து தோன்றிய 'அரைவல்' போன்றவை ஒரு குழு. பண்புச்சொல்லிலிருந்து தோன்றிய 'கைண்ட்னஸ்' போன்றவை மற்றொரு குழு. 'டாக்டர்ஸ் அரைவல்' என்பதனுள் மருத்துவர் வந்தார் என்னும் தொடர் ஒளிந்துள்ளது.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இவ்விரண்டும் புதியன அல்ல. முன்னது தொழிற்பெயர், பின்னது பண்புப்பெயர். நன்னூல் பெயர்க்குக் காரணமாகக் கூறும் ஆறனுள் குணமும் தொழிலும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. ஆயின் இக்காலத்து இருமொழிக் கையேடுகளில் ஆங்கில நுண்பொருட்பெயர் முழுவதையும் பண்புப்பெயர் என மொழிபெயர்க்கும் வழக்கம் காணப்படுகிறது. இதனால் 'அரைவல்', 'மூவ்மெண்ட்' ஆகியவை பண்புப்பெயர் எனப் பெயர் பெறுகின்றன. தமிழ் வகுப்பில் வருதல், நடத்தல் என்பவற்றைத் தொழிற்பெயர் எனக் கற்ற மாணவர், அடுத்த பாடவேளையில் அவற்றின் ஆங்கில நிகர்களைப் பண்புப்பெயர் எனக் கற்கிறார். கற்றதனைக் கொண்டு கற்பிக்கும் வாய்ப்பு இருந்தும் அதனை நாம் கைவிடுகிறோம்.

பருப்பொருட்பெயரைப் பொருட்பெயர் எனத் தமிழாக்குவதும் இத்தகையதே. நன்னூலாரின் பொருட்பெயர் மக்களையும் உள்ளடக்கியது. தங்கம், இரும்பு போன்றவற்றோடு நின்றுவிடுவதன்று. கூட்டப்பெயரைக் குழுப்பெயர் என்றால், தொல்காப்பியப் பெயரியலில் வரும் குழுவின் பெயரோடு மயங்கும். உரையாசிரியர்கள் அதற்குக் காட்டும் அவையத்தார் என்னும் எடுத்துக்காட்டு அவையில் உள்ளாரைக் குறிப்பது, அவையைக் குறிப்பதன்று. எண்ணத்தகு பெயர் என்னும் நீண்ட சொல்லை இக்கட்டுரை கையாள்வதற்கும் இதுவே காரணம். எண்ணுப்பெயர் என்றால் ஒன்று, இரண்டு என்பனவே தமிழாசிரியர் நினைவுக்கு வரும்.

கூட்டப்பெயரும் பருப்பொருட்பெயரும்

கூட்டப்பெயர் என்னும் வகைக்கு ஆங்கிலத்தில் உண்மையான இலக்கணப் பயன் ஒன்று உண்டு. 'கமிட்டி', 'டீம்', 'ஃபேமிலி' போன்ற ஒருமைப்பெயர்கள் பிரித்தானிய வழக்கில் ஒருமை வினையும் பன்மை வினையும் ஏற்கும். அமெரிக்க வழக்கு பெரும்பாலும் ஒருமையையே விரும்பும். வகையைத் தக்கவைக்க இதுவே போதிய காரணம். பாடநூல்களோ இதனை ஒரு வரியில் முடித்துவிட்டு, சிங்கக் கூட்டத்துக்கு ஒரு சொல், மீன் கூட்டத்துக்கு ஒரு சொல் என நீண்ட பட்டியல்களைத் தருகின்றன. இவ்வகைச் சொற்பட்டியலின் பழைய வடிவங்களுள் ஒன்று 1486இல் அச்சான புனித ஆல்பன் நூலில் உள்ளது. வேட்டையாடும் மேட்டுக்குடியினர்க்கு உரிய சொற்கள் அவை. அவற்றை மனப்பாடம் செய்வது தீங்கன்று. ஆனால் அது சொல்லறிவு, இலக்கண அறிவன்று.

இவ்வகையின் எல்லையும் பாடநூல்களில் தெளிவாக இல்லை. 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்', 'ஜுவல்லரி' ஆகியவை பல பொருள்களின் தொகுதியைக் குறிப்பதால் கூட்டப்பெயர் எனக் கருதப்படலாம். ஆனால் இவை பன்மை வினை ஏற்பதில்லை. 'கமிட்டி' போல் பன்மை விகுதியும் ஏற்பதில்லை. 'போலீஸ்', 'கேட்டில்' ஆகியவை பன்மை விகுதியின்றியே பன்மை வினை ஏற்கின்றன. பொருளால் ஒன்றுபோலத் தோன்றும் இம்மூன்று குழுக்களும் தொடரில் மூன்று விதமாக நடக்கின்றன. மாணவர் பிழை செய்யும் சொற்கள் பெரும்பாலும் இரண்டாம் குழுவைச் சார்ந்தவை; ஐவகைப் பாகுபாட்டில் அக்குழுவுக்கு வீடே இல்லை. உலோகமும் நீர்மமும் அல்லாததால் பருப்பொருட்பெயரிலும் அவை சேரா. 'மணி' என்னும் சொல்லின் நிலை இதனினும் வியப்புக்குரியது. உலகில் பணத்தைப் போல் ஓயாது எண்ணப்படுவது வேறில்லை. ஆங்கிலத்தில் அது எண்ணலாகாப் பெயர். எண்ணப்படுவன நாணயமும் ரூபாயுமே. 'மணி' என்னும் சொல் எண்ணை ஏற்பதில்லை.

சிறப்புப்பெயர் பற்றிச் சுருங்கக் கூறலாம். பெரிய எழுத்தில் தொடங்குவது என்னும் வரையறை எழுத்து மரபைக் கூறுவதேயன்றி இலக்கணத்தைக் கூறுவதன்று. செருமானியம் பெயர்ச்சொல் அனைத்தையும் பெரிய எழுத்தில் தொடங்கும். 2002இல் வெளிவந்த ஹடில்ஸ்டன், புல்லம் ஆகியோரின் கேம்பிரிட்ஜ் இலக்கணம் சிறப்புப்பெயர்ச்சொல் வேறு, சிறப்புப்பெயர்த்தொடர் வேறு எனப் பிரிப்பது பெரிதும் பயன்படக்கூடியது. 'லண்டன்' ஒரு சிறப்புப்பெயர்ச்சொல். 'தி யூனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்' ஒரு சிறப்புப்பெயர்த்தொடர். அதன் தலைமைச் சொல்லாகிய 'யூனிவர்சிட்டி' பொதுப்பெயரே. 'தி' ஏன் அங்கு வந்தது என்னும் வினாவுக்கு இப்பிரிவு வழிகாட்டுகிறது.

தமிழ் மாணவரின் பிழைக்குக் காரணம்

தமிழில் உயர்திணைப் பெயர்க்குப் பன்மை கட்டாயம் எனலாம். அஃறிணைப் பெயர்க்கு அது விருப்பம். பத்து மாடு வந்தது, பத்து மாடுகள் வந்தன என இரண்டும் வழங்கும். மாடு என்னும் சொல் தன்னளவில் ஒருமையும் பன்மையும் காட்டாது, வினையால் பால் உணரநிற்பதனைப் பால்பகா அஃறிணை என்பது மரபு. ஆகவே தமிழ் மாணவர்க்கு எண் பற்றிய இலக்கணமே இல்லை என்பது பொருந்தாது. வேறு வகையான இலக்கணம் உண்டு. ஆங்கிலத்தில் எண்ணைக் கட்டாயமாக்கும் கோடு எண்ணத்தகு பெயர்க்கும் எண்ணலாகாப் பெயர்க்கும் இடையே செல்கிறது. தமிழில் அது திணைகளுக்கு இடையே செல்கிறது.

இதனோடு மற்றொன்றும் சேர்கிறது. தகவல்கள், அறிவுரைகள், அறைகலன்கள் என்பன தமிழில் இயல்பான சொற்கள். ஓர் அறிவுரை சொல்கிறேன் என்பது குற்றமற்ற தொடர். 'ஆன் அட்வைஸ்' என எழுதும் மாணவர் தம் மொழியின் இலக்கணத்தை ஒழுங்காகவே பின்பற்றுகிறார். அட்வைஸ் நுண்பொருட்பெயர் என்று கூறுவது அவருக்கு உதவாது, அறிவுரையும் நுண்பொருள்தானே. அவர்க்கு வேண்டியது அச்சொல் 'மச்' ஏற்குமா, 'மெனி' ஏற்குமா, 'எ' ஏற்குமா என்னும் செய்தி.

தொல்காப்பியர் பெயரை வரையறுக்க வேற்றுமை ஏற்றலையும், தொழிலோடு ஒட்டியவை நீங்கலாகக் காலம் காட்டாமையையும் கொண்டார். திணையும் பாலும் வினைமுடிபில் வெளிப்படுவதை விளக்கினார். சொல்லை அதன் தொடர்நிலை நடத்தையால் அறிவது நம் மரபுக்கு அயலான வழியன்று. ஆங்கிலத்துக்கு அதே வழியைக் கைக்கொள்ளத் தமிழாசிரியரின் துணையை ஆங்கில ஆசிரியர் நாடலாம்.

மாற்று முறையின் இடர்கள்

ஐந்துக்கு மாற்றாக எண்ணத்தகு பெயர், எண்ணலாகாப் பெயர் என்னும் இரண்டை வைத்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று கருதுவோர் உளர். கற்போர்க்கென ஹார்ன்பியும் உடனாசிரியர்களும் தொகுத்து 1942இல் சப்பானில் வெளியான அகராதியே பெயர்களுக்கு இவ்விரு குறிகளை இட்டது. இன்றைய கற்போர் அகராதிகள் அனைத்தும் அதனைப் பின்பற்றுகின்றன. இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயின் இதனையும் ஒட்டுச்சீட்டாகக் கொண்டால் பழைய குறையே புதிய உருவில் வரும். 'கேக்', 'ஸ்டோன்', 'லைட்', 'எக்ஸ்பீரியன்ஸ்' ஆகியவை இருவகையாகவும் வழங்கும். குவர்க்கும் உடனாசிரியர்களும் 1985இல் வெளியிட்ட பேரிலக்கணம் இவற்றை இரட்டை வகைமை உடையன என்கிறது. கேம்பிரிட்ஜ் இலக்கணமோ, எண்ணத்தகுதி பெயரின் வகை என்பதைவிடப் பெயர் பயன்படும் முறை எனக் கொள்வதே பொருந்தும் என்கிறது. கட்டுரையாளர் பின்னதன் பக்கமே நிற்கிறார்.

மெய்யியலார் பெலட்டியர் 1975இல் முன்வைத்த உலகளாவிய அரைவை எந்திரம் என்னும் கற்பனை இங்கு நினைக்கத்தக்கது. எந்த எண்ணத்தகு பொருளையும் அவ்வெந்திரத்தில் இட்டால் மறுபுறம் எண்ணலாகாப் பொருளாக வெளிவரும். 'எக்' எண்ணத்தகு பெயர். சட்டையில் முட்டை ஒட்டியிருக்கிறது என்னும் பொருளில் 'யூ ஹாவ் எக் ஆன் யுவர் ஷர்ட்' எனும்போது அது அரைபட்டுவிடுகிறது. எதிர்த்திசையிலும் இது நிகழும். உணவகத்தில் 'டூ காஃபீஸ்' என்றால் இரண்டு குவளை. ஆனால் 'ஃபர்னிச்சர்', 'இன்ஃபர்மேஷன்' போன்றவை இத்திசையில் எளிதில் நகர்வதில்லை. இந்த எதிர்ப்பைத்தான் மாணவர் தனித்தனியே கற்க வேண்டியுள்ளது.

வினாவை மாற்றுதல்

பெயர் வகையறிதலைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்குக என்பது இக்கட்டுரையின் கோரிக்கையன்று. கூட்டப்பெயர் வினைமுடிபுக்கும், நுண்பொருட்பெயரின் உட்பிரிவுகள் சொல்லாக்கத்துக்கும் பயன்படும். மாற வேண்டியது வினாவின் வடிவம். 'ஷி ஹாஸ் எக்ஸ்பீரியன்ஸ்', 'ஷி ஹாட் ஆன் ஆட் எக்ஸ்பீரியன்ஸ்' என இரு தொடர்களைத் தந்து, ஆர்ட்டிகிள் ஒன்றில் வந்து மற்றொன்றில் வாராமைக்குக் காரணம் கேட்கலாம். 'தி நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்', 'எ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்' ஆகியவற்றுள் எது ஒருமை வினை ஏற்கும், எது பன்மை வினை ஏற்கும் எனக் கேட்கலாம். தகவல்கள், அறிவுரைகள், செய்திகள், யோசனைகள் ஆகிய நான்கு தமிழ்ப் பன்மைகளைத் தந்து, இவற்றின் ஆங்கில நிகர்களுள் எது பன்மை ஏற்கும், எது ஏற்காது, எது பன்மை வடிவம் கொண்டும் ஒருமை வினை ஏற்கும் எனக் கேட்டால் 'நியூஸ்' உள்பட அனைத்தும் அதனுள் அடங்கிவிடும்.

இத்தகைய வினாக்களைத் திருத்துவது கடினம் என்னும் மறுப்பு எழும். அது உண்மையே. 'தி கமிட்டி ஹாஸ்', 'தி கமிட்டி ஹாவ்' ஆகிய இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் வழங்கும்படி விடைக்குறிப்பை எழுத வேண்டியிருக்கும். காரணத்துக்குத் தனி மதிப்பெண் ஒதுக்க வேண்டியிருக்கும். விடைக்குறிப்புத் தயாரிப்போர் குழுவில் ஆங்கில ஆசிரியரோடு தமிழாசிரியர் ஒருவரும் இருந்தால், மாணவரின் எந்தப் பிழை தமிழிலிருந்து வந்தது, எது ஆங்கில விதியை அளவுக்கு மீறி நீட்டியதால் வந்தது என்பதைப் பிரித்துக் குறிக்க இயலும்.